அமெரிக்காவுக்கு முதல் தடவை போறீங்களா? எங்க போறது, எதை விடறது – அடிக்கடி கேக்கற கேள்விகள்

பசங்களை பாக்க வர்ற அம்மா அப்பாங்க, புதுசா கல்யாணம் ஆனவங்க, ரெண்டு வாரம் லீவ் போட்டு குடும்பத்தோட கிளம்பறவங்க, எல்லாரும் சுத்தி சுத்தி கேக்கறது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான். நான் நியூ ஜெர்சில இருக்கறதால வர்ற சொந்தக்காரங்களுக்கெல்லாம் பிளான் போட்டுக் குடுக்கற வேலை என் தலைலதான் விழும், அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். என் சொந்த கருத்து நிறைய கலந்திருக்கும், ஒத்துக்கணும்னு அவசியம் இல்ல.

ரெண்டு வாரம் இருக்கு. நியூயார்க், நயாகரா, வாஷிங்டன், வேகாஸ், கிராண்ட் கேன்யன், சான் பிரான்சிஸ்கோ, டிஸ்னி எல்லாம் முடிச்சுடலாமா?

முடிக்கலாம், ஆனா பாத்தது ஏர்போர்ட்டா தான் இருக்கும். நியூயார்க்ல இருந்து லாஸ் ஏஞ்சலஸ் பிளைட்லயே ஆறு மணி நேரம், அதுக்கு முன்னாடி ஏர்போர்ட் போறது, செக்யூரிட்டி, இறங்கினப்புறம் பெட்டி, வாடகை கார் க்யூ, எல்லாம் சேத்தா ஒரு நாள் முழுசா காலி. ரோட்டுல போனா ஏறக்குறைய 4,500 கிலோமீட்டர். இதுல நாலு டைம் ஜோன் வேற, ஏற்கனவே ஊர்லேர்ந்து வந்த ஜெட்லாக்ல ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறவங்களுக்கு இன்னொரு மூணு மணி நேரம் மாத்தினா உடம்பு என்னதான் பண்ணும்.

என் பதில் எப்பவும் ஒண்ணுதான்: ஒரு ஓரத்தை பிடிங்க. கிழக்கு இல்லன்னா மேற்கு. நம்மாளுங்களுக்கு விசா குடுத்தா பொதுவா பத்து வருஷத்துக்கு குடுக்கறாங்க, இன்னொரு ஓரம் எங்கயும் ஓடிடாது.

சரி, முதல் தடவைக்கு கிழக்கா மேற்கா?

யாரு போறாங்கன்னு பாருங்க. கார் ஓட்ட ஆள் இல்ல, வயசானவங்க இருக்காங்க, ஊர், கட்டடம், மியூசியம் பிடிக்கும்னா கிழக்கு, ஏன்னா நியூயார்க், பிலடெல்பியா, வாஷிங்டன் மூணும் ஒரே ரயில் பாதைல இருக்கு, கார் இல்லாமலே சமாளிச்சுடலாம். மலை, பாலைவனம், பெரிய வானம் இதெல்லாம் வேணும், வண்டி ஓட்ட ரெண்டு பேர் இருக்காங்கன்னா மேற்கு. மேற்குல கார் இல்லன்னா கை உடைஞ்ச மாதிரிதான், ஊருக்குள்ளயே பஸ்ஸை நம்ப முடியாது, நேஷனல் பார்க் பக்கம் கேக்கவே வேணாம்.

சொந்தக்காரங்க எங்க இருக்காங்களோ அந்தப் பக்கம்னு முடிவு பண்றதும் தப்பே இல்ல. ஹோட்டல் காசு மிச்சம், காலைல காபியும் கிடைக்கும்.

கிழக்குப் பக்கம் எப்படி வரிசைப்படுத்தறது?

நியூயார்க் நாலு நாள், போற வழில பிலடெல்பியா ஒரு நாள், வாஷிங்டன் டி.சி. மூணு நாள், நயாகரா ரெண்டு நாள். மிச்ச நாளை காலியாவே விடுங்க, மழை வரும், யாருக்காவது வயிறு சரியில்லாம போகும்.

மன்ஹாட்டனுக்குள்ள கார் எடுத்துட்டு போகாதீங்க ப்ளீஸ். பார்க்கிங்க்கு குடுக்கற காசுக்கு ஒரு நல்ல சாப்பாடே சாப்பிடலாம், 2025 ஜனவரிலேர்ந்து ஊரோட கீழ்ப்பாதிக்குள்ள பகல்ல நுழையறதுக்கே 9 டாலர் வேற. சப்வே ஒரு தடவை ஏறினா சுமார் 3 டாலர், கிரெடிட் கார்டை தட்டினா கதவு திறக்கும். அழுக்காதான் இருக்கும், எலி கூட ஓடும், ஆனா ராத்திரி முழுக்க ஓடுற ரயில்.

உயரத்துலேர்ந்து ஊரைப் பாக்கறதுக்கு அரை டஜன் இடம் இருக்கு, ஒண்ணு போதும். எம்பயர் ஸ்டேட் 1931-ல கட்டினது, பேர் பெருசு, ஆனா அது மேல ஏறினா எம்பயர் ஸ்டேட்டே கண்ணுக்குத் தெரியாதே! அதனால நான் ராக்கபெல்லர் சென்டர் மேல இருக்கற டாப் ஆஃப் தி ராக்குக்குதான் அனுப்புவேன், ஒரு பக்கம் சென்ட்ரல் பார்க், இன்னொரு பக்கம் எம்பயர் ஸ்டேட். ப்ரூக்ளின் பிரிட்ஜ் நடக்கறதுன்னா ப்ரூக்ளின் பக்கம் ரயில்ல போயிட்டு மன்ஹாட்டனைப் பாத்து நடந்து வாங்க, அப்பதான் ஊர் கண்ணு முன்னாடியே வரும். டைம்ஸ் ஸ்கொயர் ராத்திரி அரை மணி நேரம் போதும், அங்க பொம்மை வேஷம் போட்டவங்களோட போட்டோ எடுத்தா காசு கேப்பாங்க, குழந்தைங்க கையை விட்டுடாதீங்க.

லிபர்ட்டி சிலைக்கு உள்ள ஏறணுமா?

கிரீடம் வரைக்கும் ஏறணும்னா டிக்கெட் ரொம்ப முன்னாடியே தீர்ந்துடும், பீடத்துக்கு மேல 162 படி, குறுகலான சுழல் படி, லிஃப்ட் கிடையாது. வயசு பசங்க ஏறட்டும். மத்தவங்களுக்கு தீவுக்குப் போய் கீழ நின்னு பாக்கறதே நிறைவா இருக்கும். அதே டிக்கெட்ல எல்லிஸ் தீவும் வரும், அதை நிறைய பேர் போட்லயே உக்காந்து தாண்டிடறாங்க, ஆனா எனக்கு சிலையை விட அதுதான் பிடிக்கும். 1892-லேர்ந்து 1954 வரைக்கும் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் இந்த நாட்டுக்குள்ள வந்த வாசல் அது. இமிக்ரேஷன் க்யூல நின்னு வந்த களைப்பு ஆறாத நமக்கு அந்த ஹால்ல நிக்கும்போது ஏதோ பண்ணும்.

நேரமோ காசோ கம்மின்னா ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரி ஏறுங்க, சுத்தமா இலவசம், போகும்போது வலது பக்கம் சிலை தெரியும். ஃபெர்ரிக்கு வெளிய டிக்கெட்னு சொல்லி விக்கறவங்க யார்கிட்டயும் காசு குடுக்காதீங்க, அதுக்கு டிக்கெட்டே கிடையாது.

பிலடெல்பியா எதுக்கு? யாரும் சொல்லவே இல்லையே?

அதான் எனக்கு கோபம். 1776-ல சுதந்திரப் பிரகடனத்தை ஏத்துக்கிட்ட மண்டபமும் விரிசல் விட்ட லிபர்ட்டி பெல்லும் இங்கதான், பெல்லைப் பாக்க காசு கிடையாது. அதுக்கே ஒரு நாள் குடுக்கலாம். ஆனா நம்ம ஊர்க்காரங்க போக வேண்டியது இந்த ஊர் ஆர்ட் மியூசியத்துக்கு. வெளிய இருக்கற 72 படில எல்லாரும் சினிமா குத்துச்சண்டை வீரர் மாதிரி கையைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டு, செல்பி எடுத்துட்டு திரும்பிடறாங்க. உள்ள ஒரு மதுரை மண்டபமே நிக்குது!

மதுரை மதனகோபால சுவாமி கோயிலோட கல் தூண்கள், 16-ம் நூற்றாண்டு வேலை. அடலின் பெப்பர் கிப்சன்னு பிலடெல்பியாக்காரம்மா 1912-ல மதுரைக்கு வந்தப்ப, கோயில் வளாகத்துல குவிஞ்சு கிடந்த செதுக்கின கல்லுங்களை வாங்கி கப்பல்ல அனுப்பியிருக்காங்க, 1919-ல குடும்பத்துக்காரங்க மியூசியத்துக்கே குடுத்துட்டாங்க. இப்ப அரை இருட்டுல விளக்கு போட்டு வச்சிருக்காங்க. யாளி, அனுமார், கருடன்னு எல்லாரும் பென்சில்வேனியால நிக்கறாங்க. பெருமைப்படறதா வருத்தப்படறதான்னு தெரியாது, எங்கப்பா அங்க செருப்பைக் கழட்டப் போயிட்டார். வாரத்துல சில நாள் லீவ் விடுவாங்க, பாத்துட்டு கிளம்புங்க.

வாஷிங்டன்ல வெள்ளை மாளிகைக்குள்ள போக முடியுமா?

வெளிநாட்டுக்காரங்களுக்கு ரொம்ப சுத்து வழி, அதை நம்பி பிளான் போடாதீங்க, கம்பி வேலிக்கு வெளிய நின்னு போட்டோ எடுத்துக்கலாம்.

அந்த ஊரோட உண்மையான விஷயம் ஸ்மித்சோனியன் மியூசியங்கள், எல்லாமே இலவசம், கிறிஸ்துமஸ் அன்னிக்கு மட்டும்தான் மூடுவாங்க. ஏர் அண்ட் ஸ்பேஸ் மாதிரி சில மியூசியத்துக்கு நேரம் போட்ட இலவச பாஸ் முன்னாடியே எடுக்கணும். நேச்சுரல் ஹிஸ்டரில இருக்கற ஹோப் வைரம் நம்ம கோல்கொண்டா பக்கத்து சுரங்கத்துலேர்ந்து போனதுன்னு சொல்றாங்க. ஆசியக் கலை மியூசியத்துல ஒரு சோழர் கால வெண்கலம் இருக்கு, செம்பியன் மாதேவியே பார்வதி உருவத்துல நிக்கறதா சொல்வாங்க, அதுக்கு முன்னாடி கூட்டமே இருக்காது, நிதானமா நிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை, மேப்ல எல்லாம் பக்கத்துல பக்கத்துல இருக்கற மாதிரி தெரியும், ஆனா கேப்பிடல் கட்டடத்துலேர்ந்து லிங்கன் நினைவகம் மூணு கிலோமீட்டருக்கு மேல, நிழலும் கம்மி. லிங்கனை ராத்திரில கார்லயோ டாக்ஸிலயோ போய் பாருங்க, வெளிச்சமும் நல்லாருக்கும் காலும் தப்பிக்கும்.

நயாகரா கனடா பக்கம்தான் நல்லாருக்குமாமே? அமெரிக்கா பக்கம் வேஸ்ட்டா?

முழுசா எதிர்ல நின்னு பாக்கற காட்சி கனடா பக்கம்தான், மறுக்கல. ஆனா இந்திய பாஸ்போர்ட்டுக்கு கனடா விசா தனியா வேணும், அமெரிக்க விசா இருந்தா பாலத்தைத் தாண்டிடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

அமெரிக்கா பக்கம் தண்ணிக்கு ரொம்ப பக்கத்துல போலாம், அதோட சுகமே வேற. மெயிட் ஆஃப் தி மிஸ்ட் படகுல ப்ளூ கலர் ரெயின்கோட் குடுத்து குதிரை லாட வடிவ அருவிக்கு அடில வரைக்கும் கூட்டிட்டு போவாங்க, இறங்கறதுக்கு லிஃப்ட் இருக்கு, முட்டி வலிக்காரங்களும் போலாம். கேவ் ஆஃப் தி விண்ட்ஸ் அப்படி இல்ல, மரப் படி ஏறி ஏறி அருவிச் சாரல்ல நிக்கணும், முழுசா நனைவீங்க, மாத்துத் துணி வேணும். பார்க்குக்குள்ள நுழைய காசு இல்ல, வண்டி நிறுத்தறதுக்குதான் காசு. 1885-லேர்ந்து இருக்கற ஸ்டேட் பார்க், நாட்டுலயே பழசுன்னு சொல்வாங்க. ராத்திரி கலர் லைட் போடுவாங்க, அதனால ஒரு ராத்திரியாவது தங்குங்க. குளிர்காலத்துல படகு ஓடாது, அருவி பாதி உறைஞ்ச மாதிரி இருக்கும், அது வேற அழகு, ஆனா முதல் தடவைக்கு வேணாம்.

நியூயார்க்லேர்ந்து கார்ல ஆறரை, ஏழு மணி நேரம். ஒரே நாள்ல போயிட்டு வர்ற பைத்தியக்காரத்தனம் வேணாம். வழில வாட்கின்ஸ் க்ளென்னு ஒரு பள்ளத்தாக்கு, வரிசையா குட்டி குட்டி அருவியா வரும், ஆனா கல் படி 800-க்கு மேல. ஏற முடியாதவங்களை பக்கத்து ஊர் கார்னிங்ல இருக்கற கண்ணாடி மியூசியத்துல விட்டுடுங்க, கண்ணு முன்னாடியே கண்ணாடியை உருக்கி ஊதுவாங்க, வயசானவங்க அசையவே மாட்டாங்க.

வாஷிங்டன்லேர்ந்து நயாகரா போறவங்க பிட்ஸ்பர்க் வழியா போங்க, சுமார் நாலு நாலு மணி நேரமா ரெண்டா உடைஞ்சுடும், நடுவுல 1970-கள்ல கட்டின வெங்கடேஸ்வரா கோயில், கீழ கேன்டீன்ல புளியோதரை.

கிராண்ட் கேன்யன் வேகாஸ்லேர்ந்து ரெண்டு மணி நேரம்தான்னு ஒருத்தர் சொல்றார், இன்னொருத்தர் நாலரைங்கறார். எது சரி?

ரெண்டும் சரி, ஏன்னா ரெண்டும் வேற இடம். ஏமாறாம இருக்க இதை நல்லா படிச்சுக்கோங்க.

ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல வர்றது கிராண்ட் கேன்யன் வெஸ்ட். அது ஹுவாலப்பை பழங்குடி மக்களோட நிலம், நேஷனல் பார்க்கே கிடையாது, டிக்கெட்டும் தனி. கண்ணாடித் தரை போட்ட ஸ்கைவாக் 2007-ல திறந்தது அங்கதான். அது மேல உங்க போனை எடுத்துட்டு போக ரொம்ப நாள் விடாம இருந்தாங்க, இப்ப எப்படின்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

நாலரை மணி நேரம் தள்ளி இருக்கறது சவுத் ரிம், நீங்க காலண்டர்ல பாத்த கேன்யன் அதுதான். பள்ளத்தாக்கோட நீளம் 446 கிலோமீட்டர், ஆழம் ஒண்ணரை கிலோமீட்டருக்கு மேல. வருஷம் முழுக்க திறந்திருக்கும், விளிம்பு ஓரமா சமமான நடைபாதை, இலவச பஸ். ஒரு ராத்திரி தங்கி சாயங்காலமும் விடிகாலையும் பாருங்க, மத்தியானம் பன்னெண்டு மணிக்கு பாத்தா வெறும் பழுப்பு பள்ளமா தட்டையா தெரியும், வெயில் சாயும்போதுதான் அடுக்கு அடுக்கா நிறம் வரும். அப்புறம் இது பாலைவனம்னு நினைச்சு மெல்லிசா சட்டை எடுத்துட்டு போயிடாதீங்க, விளிம்பு கிட்டத்தட்ட நம்ம ஊட்டி உயரத்துல இருக்கு, டிசம்பர்ல பனி கொட்டும்.

என் தீர்ப்பு சவுத் ரிம். நேரம் இல்லன்னா வெஸ்ட் போறதை விட வேகாஸ் பக்கத்துலயே ஹூவர் டேம் பாத்துட்டு கேன்யனை அடுத்த தடவைக்கு வச்சுக்கோங்க.

அம்மா அப்பாவோட லாஸ் வேகாஸ் போறது சங்கடமா இருக்குமா?

கொஞ்சம் இருக்கும், ஆனா பயந்த அளவுக்கு இல்ல. பெல்லாஜியோ வாசல்ல தண்ணி நடனம் இலவசம், அதை நாலு தடவை பாப்பாங்க. ஹோட்டல் ரேட் சல்லிசா காட்டும், அப்புறம் ரிசார்ட் ஃபீஸ்னு ராத்திரிக்கு 40, 50 டாலர் தனியா போடுவாங்க, அதையும் சேத்து கணக்கு பாருங்க. ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் 40 டிகிரிக்கு மேல.

வண்டி ஓட்ட ஆள் இருந்தா வேகாஸை பாக்கற இடமா வைக்காம கிளம்பற இடமா வைங்க: சயான், பிரைஸ் கேன்யன்னு ரெண்டு நேஷனல் பார்க், பேஜ் ஊர்ல ஆன்டலோப் கேன்யன், அப்புறம் சவுத் ரிம், திரும்ப வேகாஸ். ஒரு வாரத்துக்கு இதை விட நல்ல வட்டம் எனக்குத் தெரியாது. ஆன்டலோப் நவஹோ மக்களோட நிலம், கைடு இல்லாம உள்ள விடமாட்டாங்க, முன்னாடியே புக் பண்ணுங்க.

சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ்?

சான் பிரான்சிஸ்கோவுக்கு மூணு நாள் குடுங்க. ஜூலை ஆகஸ்ட்ல கோல்டன் கேட் பாலம் மூடுபனிக்குள்ள ஒளிஞ்சுக்கும், கலிபோர்னியான்னு அரை டிராயர்ல வந்தவங்க எல்லாம் கடைல ஸ்வெட்டர் வாங்குவாங்க. செப்டம்பர் அக்டோபர்தான் அங்க நல்ல வெயில். அல்கட்ராஸ் தீவு ஜெயில் 1934-லேர்ந்து 1963 வரைக்கும் மத்திய சிறையா இருந்தது, டிக்கெட் சில வாரம் முன்னாடியே எடுக்கணும். கார்ல பை, லேப்டாப் எதுவும் வெளிய தெரியற மாதிரி விட்டுட்டு இறங்காதீங்க, கண்ணாடி உடையும். யோசமிட்டி நேஷனல் பார்க் அங்கேர்ந்து நாலு மணி நேரம், அருவிக்கு மே, ஜூன்தான், ஆகஸ்ட்ல யோசமிட்டி அருவி வத்திப் போயிடும், வெறும் பாறையை பாத்துட்டு வரணும்.

லாஸ் ஏஞ்சலஸ்ல ஹாலிவுட் நட்சத்திர நடைபாதை பெரிய ஏமாத்தம், அழுக்கு பிளாட்பாரம். கிரிஃபித் அப்சர்வேட்டரி போங்க, ஹாலிவுட் எழுத்தும் தெரியும், ஊரும் தெரியும், நுழைய காசில்ல. மிச்சம் யுனிவர்சல் ஸ்டுடியோ.

எந்த மாசம் நல்லது?

நம்ம ஊர்ல ஸ்கூல் லீவ் விடற மே மாசம் முதல் மூணு வாரம், இது நம்மாளுங்களுக்கு அடிச்ச லக்கு. அங்க ஸ்கூல் இன்னும் லீவ் விடல, மே கடைசி திங்கள் மெமோரியல் டே, அதுலேர்ந்துதான் கூட்டமும் ரேட்டும் ஏறும். நயாகரா படகு ஓட ஆரம்பிச்சிருக்கும், யோசமிட்டி அருவி கொட்டும், வேகாஸ் இன்னும் கொதிக்காது. வாஷிங்டன் செர்ரி பூ மட்டும் மார்ச் கடைசி ஏப்ரல் ஆரம்பத்துலயே முடிஞ்சிருக்கும். அடுத்தது செப்டம்பர் நடுவுலேர்ந்து அக்டோபர் நடு வரைக்கும், வடகிழக்குல இலை நிறம் மாறும்.

நேஷனல் பார்க் டிக்கெட் ஏறிடுச்சாமே?

ஆமா. 2026 ஜனவரி 1-லேர்ந்து வெளிநாட்டுலேர்ந்து வர்றவங்களுக்கு தனி ரேட். கிராண்ட் கேன்யன், யோசமிட்டி, சயான், பிரைஸ், யெல்லோஸ்டோன் உட்பட 11 பார்க்ல 16 வயசும் அதுக்கு மேலயும் ஆளுக்கு 100 டாலர் கூடுதல், இல்லன்னா வருஷ பாஸ் 250 டாலர். மேல சொன்ன வேகாஸ் வட்டத்துல சயான், பிரைஸ், கேன்யன் மூணும் வருது, பாஸ்தான் லாபம். பார்க் சைட்ல ஒரு தடவை பாத்துட்டு எடுங்க.

சின்ன குழந்தைங்க இருக்காங்க, டிஸ்னி?

கலிபோர்னியா போறீங்கன்னா அனஹைம்ல இருக்கற டிஸ்னிலேண்ட், 1955-ல திறந்த ஒரிஜினல், ரெண்டு நாள்ல முடியும். ஃப்ளோரிடால ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்ட் நாலு பார்க், அதுக்குன்னே ஒரு வாரம் வேணும், மத்த பிளானோட ஒட்டாது. ஆர்லாண்டோ போனீங்கன்னா கென்னடி ஸ்பேஸ் சென்டரை விட்டுடாதீங்க, ஒரு மணி நேரம்தான், நிலாவுக்கு ஆளை அனுப்பின சாட்டர்ன் ராக்கெட் வகைல ஒண்ணு படுத்த வாக்குல இருக்கு, அட்லாண்டிஸ் ஷட்டிலும் இருக்கு. ஜூன்லேர்ந்து நவம்பர் புயல் சீசன்.

டூர் பேக்கேஜ்ல போலாமா?

வண்டி ஓட்ட ஆள் இல்லாத வயசானவங்களுக்கு போலாம், ஆனா அச்சடிச்ச பிளானை கண்ணாடி போட்டுட்டு படிங்க. "நியூயார்க் ஹோட்டல்"னா அது நியூ ஜெர்சில ஹைவே ஓரமா இருக்கும். "லிபர்ட்டி சிலை"ன்னா தீவுல இறக்குவாங்களா, இல்ல படகுல சுத்தி காட்டிட்டு வந்துடுவாங்களா? "கிராண்ட் கேன்யன்"னா வெஸ்ட்டா சவுத் ரிம்மா? தினம் ராத்திரி இந்தியன் டின்னர்ங்கறது கேக்க நல்லாருக்கும், அந்த ஹோட்டலைத் தேடி பஸ்லயே ரெண்டு மணி நேரம் போகும்.

சைவ சாப்பாடு?

பெரிய ஊர்ல பிரச்சனையே இல்ல. நியூயார்க் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீன்ல தோசை சாப்பிட அமெரிக்காக்காரங்களே க்யூல நிக்கறாங்க. பார்க் பக்கம் போகும்போதுதான் அவல், தயிர் சாத மிக்ஸ், குட்டி ரைஸ் குக்கர் தெய்வம். மெக்சிகன் கடைல சாதம் கோழித் தண்ணில வெந்திருக்கலாம், பீன்ஸ்ல பன்றிக் கொழுப்பு இருக்கலாம், கேட்டுட்டு வாங்குங்க. பில்லுக்கு மேல வரியும் 18, 20 சதவீதம் டிப்பும் சேத்து கணக்கு போட்டுக்கோங்க.

விசா வர்றதுக்கு முன்னாடி புக் பண்ணலாமா?

கேன்சல் பண்ணினா முழு காசும் திரும்பி வர்ற ஹோட்டல் மட்டும். பிளைட் வேணவே வேணாம், இன்டர்வியூ தேதி எப்ப கிடைக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. இன்னொண்ணு, பத்து வருஷ விசான்னா பத்து வருஷம் தங்கலாம்னு இல்ல, ஒவ்வொரு தடவையும் இறங்கற ஏர்போர்ட்ல ஆபீசர் குடுக்கற தேதிதான் கணக்கு, வழக்கமா ஆறு மாசம். பெரியவங்களுக்கு டிராவல் இன்சூரன்ஸ் இல்லாம ஏறாதீங்க.

சிகாகோ?

கூட ரெண்டு நாள் கிடைச்சா. ஆத்துல படகுல போய் கட்டடம் பாக்கற டூர் அருமை. 1893-ல விவேகானந்தர் பேசினது இப்ப ஆர்ட் இன்ஸ்டிடியூட்டா இருக்கற கட்டடத்துலதான், ராமநாதபுரம் சேதுபதியும் சென்னை சிஷ்யங்களும் உதவி பண்ணி கிளம்பின பயணம். ஜனவரில போகாதீங்க.

யெல்லோஸ்டோன், மவுண்ட் ரஷ்மோர்?

யெல்லோஸ்டோன் பிரமாதம், 1872-லேர்ந்து இருக்கற முதல் நேஷனல் பார்க், வெந்நீர் ஊத்து பீச்சி அடிக்கும், காட்டெருமை ரோட்டை மறிச்சுட்டு நிக்கும். ஆனா எந்த ஓரத்துக்கும் பக்கத்துல இல்ல, நவம்பர்லேர்ந்து ஏப்ரல் நடு வரைக்கும் பெரும்பாலான ரோடு சாதா வண்டிக்கு மூடியிருக்கும், ரெண்டாவது தடவைக்கு வச்சுக்கோங்க. மவுண்ட் ரஷ்மோர் நாலு தலை பாறை, அரை மணி நேரம் பாத்தா முடிஞ்சுடும், அதுக்காக அவ்ளோ தூரம் போக வேணாம், யெல்லோஸ்டோனுக்கு ரோட்டுல போறவங்க வழில நின்னுக்கட்டும்.